பட்ஜி கேட்கத் தொடங்குவது எப்படி: சிங்கப்பூர்த் தமிழ் ரசிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிக்கா 1993இல் சிங்கப்பூர் வந்தது. 2013இல் சாங்கி கண்காட்சி மையத்திலும் 2017இல் இண்டோர் ஸ்டேடியத்திலும் வாசித்தது. அந்தக் கூட்டங்களில் கறுப்பு டி-சட்டை போட்டுக்கொண்டு நின்ற நம் பிள்ளைகளிடம் 'பிரெட்ஃபேன்' யாருடைய பாட்டு என்று கேட்டுப் பாருங்கள். பலர் யோசிக்காமல் மெட்டாலிக்கா என்பார்கள். உண்மையில் அது வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரத்து மூன்று பேர் 1973இல் வெளியிட்ட பாட்டு. அவர்களுடைய குழுவின் பெயர் பட்ஜி.

பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறேன், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹெவி ராக் பழக்கம் கொஞ்சமும் இல்லாதவர்களும் வரலாம். இளையராஜா கேட்டு வளர்ந்த காது இருந்தால் போதும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பட்ஜியைப் புகழ்பவர்கள் எல்லோரும் அதன் கனத்தைத்தான் புகழ்வார்கள். கனமான கிட்டார் அந்தக் காலத்தில் வேறு பலரிடமும் இருந்தது. அதே ஆல்பத்தில், சில சமயம் அதே பாட்டுக்குள், திடீரென்று தாலாட்டு மாதிரி இறங்கிவிடும் துணிச்சல் இவர்களிடம்தான் அதிகம். புதிதாக வருபவர்கள் அந்த மெதுவான பாட்டுகளைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போகாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஆட்கள் யார்

1967இல் கார்டிஃபில் தொடங்கிய குழு. பேஸ் கிட்டாரும் (அடியில் ஓடும் தாழ்சுரக் கிட்டார்) பாட்டும் பர்க் ஷெல்லி, கிட்டார் டோனி போர்ஜ், டிரம்ஸ் ரே ஃபிலிப்ஸ். மூன்றே பேர். ஷெல்லி பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு, உச்சக் குரலில் பாடிக்கொண்டே பேஸ் வாசிப்பார். கனடாவின் ரஷ் குழுவை அறிந்தவர்களுக்கு, அதே போல் பேஸ் வாசித்துக்கொண்டே பாடும் கெடி லீ உடனே நினைவுக்கு வருவார். ஆனால் ரஷ்ஷின் முதல் ஆல்பம் வந்தது 1974இல். அதற்குள் பட்ஜி மூன்று ஆல்பம் போட்டுவிட்டது.

முரட்டு இசைக்குச் சம்பந்தமே இல்லாத சாதுவான பெயராக இருக்க வேண்டும் என்று விரும்பித்தான் கூண்டுக்கிளியின் பெயரை வைத்தார்கள். நல்ல நகைச்சுவை, மோசமான வியாபாரம். பிளாக் சாபத் என்று ஒரு பெயரும் பட்ஜி என்று ஒரு பெயரும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பதினாறு வயதுப் பையன் எதை எடுப்பான்?

முதல் படி: ஒரே பாட்டு, இரண்டு வடிவம்

மெட்டாலிக்காவின் 'பிரெட்ஃபேன்' 1988இல் ஒரு சிங்கிளின் (தனிப்பாட்டுத் தட்டின்) மறுபக்கத்தில் வந்தது. 1998இல் 'கராஜ் இங்க்' தொகுப்பில் மறுபடி சேர்த்தார்கள். அதை முதலில் கேளுங்கள். பெரிய சத்தம், இறுக்கமான தாளம், இன்றைய காதுக்குப் பழகிய ஒலி. பிறகு உடனே 1973இன் அசலைப் போடுங்கள்.

முதலில் ஏமாற்றமாக இருக்கும். கிட்டார் மெலிசாகத் தெரியும், டிரம்ஸ் கொஞ்சம் தள்ளாடுவது போலிருக்கும், ஷெல்லியின் குரல் யாரோ மிதித்துவிட்டது போல் கீச்சென்று ஒலிக்கும். பலர் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். கைவிடாதீர்கள். இரண்டாவது முறை கேட்கும்போது கிட்டாரை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள். இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் பாடகரின் மெட்டோடு ஒட்டாமல் தன்பாட்டுக்கு ஒரு தனி மெட்டு போட்டுக்கொண்டு போவதைக் கவனித்திருப்பீர்கள். அந்தப் பழக்கம் இங்கே கை கொடுக்கும். மூன்று பேர் மட்டுமே உள்ள குழுவில் கிட்டார் தனி ஆவர்த்தனத்துக்குப் போனால் அடியில் ஓட்டை விழ வேண்டும். இங்கே விழாது, ஷெல்லி அந்த இடத்தை நிரப்பிவிடுவார்.

பாட்டின் நடுவில் வேகம் சட்டென்று நின்று ஒரு மெதுவான பகுதி வரும். கிட்டார் கிசுகிசுக்கும். அப்புறம் பழைய ரிஃப் திரும்பி வந்து இடித்துத் தள்ளும். ரிஃப் என்பது திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார் வரிதான். மெதுவான பகுதி இல்லாமல் இந்த இடி இத்தனை பெரிதாகக் கேட்காது. பட்ஜியின் வேலை முறையே இதுதான், மற்ற ஆல்பங்களிலும் இதையே தேடுங்கள்.

இரண்டாம் படி: மூன்றாவது ஆல்பம், முழுதாக

ஒரு குழுவை முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகக் கேட்பதுதான் முறை என்று சிலர் அடம் பிடிப்பார்கள். பட்ஜிக்கு அது சரிப்படாது. மூன்றாவது ஆல்பமான 'நெவர் டர்ன் யுவர் பேக் ஆன் எ ஃப்ரெண்ட்' (1973) தான் வாசல். 40 நிமிடத்துக்குச் சற்று அதிகம் ஓடும். உட்லண்ட்ஸில் எம்ஆர்டி ஏறி நகர மண்டபத்தில் இறங்குவதற்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். காலை நேரக் கூட்டத்தில் நின்றுகொண்டே கேட்க ஏற்ற ஆல்பம், யாரும் உங்களோடு பேச வரமாட்டார்கள்.

'பிரெட்ஃபேன்' முடிந்ததும் 'பேபி, ப்ளீஸ் டோன்ட் கோ' என்ற பழைய புளூஸ் பாட்டை எடுத்து ரயில் வேகத்தில் ஓட்டுகிறார்கள். அதற்கு அடுத்ததாக இரண்டு நிமிடச் சொச்சத்துக்கு ஒரு சின்னக் காதல் பாட்டு வரும். அங்கேதான் விரல் திரையைத் தேடும், அடுத்த பாட்டுக்குத் தள்ளச் சொல்லும். தள்ளாதீர்கள். அதன் பின்னால் வரும் எட்டு நிமிடப் பாட்டு டிரம்ஸ் தனி ஆவர்த்தனத்தோடு பெரிய சத்தமாக வரப்போகிறது. நடுவே மூச்சு விடத்தான் அந்தச் சின்னப் பாட்டு.

இசைத்தட்டில் கேட்பவர்கள் இந்த இடத்தில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். இரண்டாம் பக்கம் 'இன் தி கிரிப் ஆஃப் எ டயர்ஃபிட்டர்ஸ் ஹேண்ட்' என்ற பாட்டோடு தொடங்கும். டயர் மாட்டுபவனின் பிடியில் சிக்கியது என்று பெயர் வைக்க எப்படித்தான் தோன்றியதோ! அதன்பின் ஒரு மெதுவான பாட்டு. கடைசியில் 'பேரன்ட்ஸ்'.

'பேரன்ட்ஸ்' பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். சிறுவயதையும் அப்பா அம்மா சொன்ன புத்திமதிகளையும் வளர்ந்த ஒருவன் திரும்பிப் பார்க்கிறான். ஹெவி ராக் குழுக்கள் பொதுவாகப் பெற்றோரை எதிர்த்துப் பாடும், இல்லாவிட்டால் அவர்களைப் பற்றிப் பேசவே பேசாது. இருபத்துச் சொச்சம் வயதில் ஷெல்லி இப்படி ஒரு ஏக்கத்தை எழுதியது எனக்கு இன்னும் வியப்பு. போர்ஜின் கிட்டார் இங்கே அவசரமே படுவதில்லை. நம் வீடுகளில் இந்தப் பாட்டுக்கு விளக்கம் தேவைப்படாது. தேசிய சேவை முடித்து, வேலைக்குச் சேர்ந்து, கலியாணத்துக்குப் பின் தனி வீடு வாங்கிப் போன பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். ஆங்கில ராக் பிடிக்காது என்று சொல்லும் ஆட்களை இந்த ஒரு பாட்டால் வளைக்கலாம் என்பது என் நம்பிக்கை.

அட்டைப் படம் ரோஜர் டீன் வரைந்தது. யெஸ் குழுவின் கனவுலக அட்டைகளை வரைந்த அதே ஓவியர். கைப்பேசியில் கட்டைவிரல் அளவில் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள், பெரிதாக்கிப் பாருங்கள்.

மூன்றாம் படி: பின்னால் போவது

இப்போது முதல் ஆல்பத்துக்குப் போகலாம். 1971இல் வந்த இதன் பெயரும் 'பட்ஜி' தான். வேல்ஸில் உள்ள ராக்ஃபீல்ட் ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். தயாரித்தவர் ராட்ஜர் பெய்ன், பிளாக் சாபத்தின் முதல் மூன்று ஆல்பங்களைத் தயாரித்தவர். அதனால் சாபத்தின் நகல் என்று அன்றைக்குப் பலர் ஒதுக்கியதில் ஆச்சரியமில்லை. கேட்டால் தெரியும், ஒலியில் உறவு உண்டு, சுபாவத்தில் இல்லை. சாபத் பயமுறுத்தும். பட்ஜி கண்ணடிக்கும்.

'கட்ஸ்' என்ற பாட்டோடு தொடங்குங்கள். மெதுவாக, சேற்றில் நடப்பது போன்ற ரிஃப். முடிந்ததும் ஒரு நிமிடம்கூட ஓடாத ஒரு மென்மையான பாட்டு வரும். 'ஹோமிசைடல் சூசைடல்' பாட்டைப் பின்னாளில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துச் சவுண்ட்கார்டன் குழு எடுத்து வாசித்தது. அந்த ஊர்க் குழுக்களின் இழுவையான கனம் எங்கிருந்தெல்லாம் வந்தது என்று தேடுபவர்கள் இந்த ஆல்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதே ஆல்பத்தில் முடி வெட்டப்பட்டவன் புலம்பும் பாட்டு ஒன்று இருக்கிறது. அது வந்த காலத்தில் இங்கே நம் அரசு அலுவலகங்களில் நீண்ட முடி வைத்த ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். காதை மறைத்தால் நீளம், புருவத்தைத் தொட்டால் நீளம், சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினால் நீளம் என்று படம் போட்டே விளக்கினார்கள். 1972இல் லெட் செப்பலினே முடியால் உள்ளே வர முடியாமல் திரும்பியது. பட்ஜி வந்திருந்தாலும் அதே கதைதான். இங்குள்ள பழைய ரசிகர்கள் அந்தப் பாட்டைக் கேட்டுச் சிரிப்பது இதனால்தான்.

இரண்டாவது ஆல்பம் 'ஸ்க்வாக்' (1972). சுமார் ரகம். 'ஹாட் அஸ் எ டாக்கர்ஸ் ஆர்ம்பிட்' என்ற பாட்டையும் மெதுவான 'யங் இஸ் எ வேர்ல்ட்' பாட்டையும் கேட்டுவிட்டு நகருங்கள்.

நான்காம் படி: முன்னால் போவது

மூன்றாவது ஆல்பத்துக்குப் பிறகு ரே ஃபிலிப்ஸ் விலகினார். பீட் பூட் டிரம்ஸுக்கு வர, 'இன் ஃபார் தி கில்' 1974இல் வெளிவந்தது. இங்கிலாந்து ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 29ஆம் இடம் வரை போனது. தலைப்புப் பாட்டை வான் ஹேலன் புகழ்பெறுவதற்கு முன்னால் கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்தது. 'கிராஷ் கோர்ஸ் இன் பிரெய்ன் சர்ஜரி' முதலில் 1971இல் சிங்கிளாக வந்து, மூன்று ஆண்டு கழித்து இந்த ஆல்பத்தில் இடம் பிடித்தது. மெட்டாலிக்கா இதை 1987இல் வாசித்தது. புதிய பேஸ் கலைஞர் ஜேசன் நியூஸ்டெட் சேர்ந்த பின் அவர்கள் போட்ட முதல் பதிவு அந்த 1987 வெளியீடு. புது ஆளை உலகத்துக்குக் காட்டும் தட்டில் பட்ஜிக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள், பாருங்கள்.

அடுத்தது 'பாண்டொலியர்' (1975), டிரம்ஸ் ஸ்டீவ் வில்லியம்ஸ். ரசிகர்களுக்குள் சண்டை வரும் இடம் இது. மூன்றாவது ஆல்பமா இதுவா சிறந்தது என்று வாதாடிக்கொண்டே இருப்பார்கள். என் ஓட்டு மூன்றாவதற்கு. ஆனால் 'பிரேக்கிங் ஆல் தி ஹவுஸ் ரூல்ஸ்' தொடங்கும் விதமும், 'நெப்போலியன் போனா' இரண்டு பாகமாகப் பிரிந்து மெதுவிலிருந்து வேகத்துக்கு ஏறும் விதமும் எதிர்க்கட்சிக்கு நல்ல ஆயுதங்கள். 'ஐ கான்ட் ஸீ மை ஃபீலிங்ஸ்' பாட்டை அயர்ன் மெய்டன் 1992இல் ஒரு சிங்கிளின் மறுபக்கத்துக்காக வாசித்தது. மெட்டாலிக்கா, அயர்ன் மெய்டன், வான் ஹேலன், சவுண்ட்கார்டன். இந்த நால்வருக்கும் பிடித்த குழுவுக்கு ஏன் புகழ் வரவில்லை?

பெயரை முன்பே சொன்னேன். பாட்டுத் தலைப்புகளும் உதவவில்லை. பால் பவுடர், டயர்க்கடை, துறைமுகத் தொழிலாளியின் அக்குள் என்று வைத்தால் வானொலிக்காரர் என்ன செய்வார்? அமெரிக்காவில் பெரிய அளவில் காலூன்றவில்லை, ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் என் கருத்தில் முக்கியக் காரணம், ஊர் முழுக்க முணுமுணுக்கும்படி ஒரு பாட்டு அவர்களிடம் இல்லை. எல்லாமே கிட்டார் வாசிப்பவன் பொறாமைப்படும் பாட்டுகள். அதனால்தான் கேட்பவர்களைவிட வாசிப்பவர்களிடம் அதிகம் பரவினார்கள்.

1976க்கும் 1978க்கும் இடைப்பட்ட ஆல்பங்களை இப்போதைக்கு விடலாம். 1978இல் போர்ஜ் போய்விட்டார். ஜான் தாமஸ் கிட்டாரோடு 1980இல் வந்த 'பவர் சப்ளை' வேறு குழு மாதிரி இருக்கும். இங்கிலாந்தில் புதிய ஹெவி மெட்டல் அலை அடித்த நேரம், இவர்களும் வேகத்தைக் கூட்டினார்கள், மென்மையைக் குறைத்தார்கள். அந்த ஆண்டு, பிளாக் சாபத்தின் முன்னாள் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் சுற்றுப்பயணத்தில் அவருக்கு முன்னால் வாசிக்கும் குழுவாகப் போனார்கள், இங்கிலாந்தின் ரெடிங் இசை விழாவிலும் வாசித்தார்கள். 1982இல் போலந்து வரை போனார்கள். இரும்புத்திரைக்குப் பின்னால் ராக் குழுக்கள் அதிகம் போகாத காலம் அது.

2006இல் ஒரு ஆல்பம் போட்டார்கள். 2010இல் போலந்தில் இருந்தபோது ஷெல்லிக்கு இதயப் பெருந்தமனியில் அறுவை சிகிச்சை நடந்தது, குழு அதோடு நின்றது. 2022 ஜனவரியில் தம் 71ஆம் வயதில் காலமானார்.

எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது

வெறும் குழுப்பெயரை மட்டும் தேடினால் கிளிகளுக்குத் தினை ஊட்டும் காணொளிகள்தான் வரிசையாக வரும். ஆல்பத்தின் பெயரையோ பர்க் ஷெல்லியின் பெயரையோ சேர்த்துத் தேடுங்கள். ஒலி 96.8 வானொலியில் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

சின்ன புளூடூத் ஒலிபெருக்கியில் கேட்டால் பேஸ் காணாமல் போய்விடும், பேஸ் போனால் பட்ஜியில் முக்கால்வாசி போச்சு. சுமாரான ஹெட்ஃபோன் போதும், ஆயிரம் வெள்ளி செலவழிக்கத் தேவையில்லை. பெரிய ஒலிபெருக்கி வைத்திருக்கிறீர்கள் என்றால் வீவக அடுக்குமாடி வீட்டில் பேஸ் கீழ்வீட்டுக் கூரை வழியாக இறங்கும் என்பதை நினைவில் வையுங்கள். இரவு பத்தரைக்கு மேல் ஹெட்ஃபோன்தான். பக்கத்து வீட்டு மலாய் அம்மாவுக்குப் பிடிக்குமா என்று பரிசோதிக்க வேண்டாம்.

இசைத்தட்டு வேண்டும் என்றால் நகர மண்டப எம்ஆர்டியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கோல்மன் ஸ்திரீட் பக்கம் போங்கள். அடெல்ஃபியில் ஹைஃபை கடைகளும் இசைத்தட்டுக் கடைகளும் உண்டு. எதிரே பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கிட்டார் கடைகளும் ராக் டி-சட்டைக் கடைகளும் உண்டு. பட்ஜி தட்டு எந்த நாளும் கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள், கடைக்காரரிடம் சொல்லி வைப்பதுதான் வழி. முதல் ஆல்பம் கையில் கிடைத்தால் பாட்டு வரிசையைப் பாருங்கள். அதில் 'கிராஷ் கோர்ஸ்' இருந்தால் அமெரிக்கப் பதிப்பு, பிரிட்டிஷ் மூலப் பதிப்பில் அந்தப் பாட்டு கிடையாது. விலை பேசும்போது இது உதவும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் தட்டின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். தபால் செலவு சில நேரம் தட்டின் விலையைத் தாண்டும். 2023 முதல் 400 வெள்ளிக்குக் குறைவான பொருளுக்கும் ஜிஎஸ்டி உண்டு, 2024 முதல் அது 9 விழுக்காடு. மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரே பெட்டியில் வரவழைத்தால் தபால் செலவு பிரியும்.

கிட்டார் வாசிப்பவர்கள் 'பிரெட்ஃபேன்' ரிஃப்பைப் பாதி வேகத்தில் பழகுங்கள். வலது கை மணிக்கட்டு வலித்தால் நிறுத்தி ஓய்வு கொடுங்கள். பேஸ் வாசிப்பவர்களுக்கு வேலை இன்னும் கடினம், வாசித்துக்கொண்டே பாடிப் பாருங்கள். இரண்டு வரி தாண்டினால் கோப்பிக்கடையில் தே தாரிக் என் செலவு.

பழைய ரசிகர்களோடு பேச நேர்ந்தால் மெட்டாலிக்கா வாசித்ததுதான் நன்றாக இருக்கிறது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடாதீர்கள். நினைக்கலாம், தவறில்லை. மூன்றாவது வாக்கியத்தில் சொல்லுங்கள்.

இந்த ஆல்பங்கள் எல்லாம் பழகிவிட்டால் சொந்த ஊர்ப் பக்கம் திரும்பலாம். 1992இல் சிங்கப்பூரில் தொடங்கிய ருத்ரா குழுவை வெளிநாட்டு மெட்டல் ரசிகர்கள் அறிந்த அளவுக்கு நாம் அறியவில்லை. வேத, உபநிடதக் கருத்துகளை டெத் மெட்டலில் வைத்துப் பாடுபவர்கள். பட்ஜியைவிடப் பல மடங்கு முரடு, குரல் உறுமும். 2003இல் வந்த 'குருக்ஷேத்ரா' ஆல்பத்தில் தொடங்குங்கள், முதல் இரண்டு பாட்டுக்குச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள்.